ஒரே கட்டளை... ஆயிரம் ஃபைல்களுக்குப் புதுப் பெயர்! கமாண்ட் லைன் ரீநேம் எப்படி வேலை செய்கிறது? ஆபத்து எங்கே இருக்கிறது?

கல்யாண ஆல்பம், பள்ளி மாணவர்களின் போட்டோக்கள், ஸ்கேன் செய்த பத்திரங்கள், வெள்ளத்தில் இடிந்த வீட்டின் படங்கள்... இன்று எல்லாமே ஃபைல்கள்தான். கேமராவும் வாட்ஸ்அப்பும் அவற்றுக்கு வைக்கிற பெயர் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஒவ்வொன்றாகப் பெயர் மாற்ற உட்கார்ந்தால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். கமாண்ட் லைனில் ஒரே ஒரு வரி அடித்தால் சில நொடிகளில் வேலை முடிந்துவிடும்.

ஆனால், அதே ஒரு வரி 300 போட்டோக்களை அழித்து ஒரே ஒரு போட்டோவை மட்டும் மிச்சம் வைக்கவும் முடியும். எச்சரிக்கை வராது, 'நிச்சயமா?' என்று கேட்காது. கடலூர், சிதம்பரம் பக்கத்து உதாரணங்களோடு இதைப் புரிந்துகொள்வோம்.

(கட்டளைகளின் பெயர்களை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் தருகிறோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.)

பேட்ச் ரீநேம் என்றால் என்ன?

பல ஃபைல்களின் பெயரை ஒரே விதியின்படி மொத்தமாக மாற்றுவதுதான் பேட்ச் ரீநேம். 'எல்லாப் பெயருக்கும் முன்னால் ஊர் பெயரைச் சேர்', 'இந்தச் சொல் வரும் இடத்தில் அந்தச் சொல்லைப் போடு', '001-லிருந்து வரிசையாக எண் கொடு' என்று விதியைச் சொன்னால் போதும். மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

இது புது விஷயம் இல்லை. 1971 நவம்பரில் வந்த யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பிலேயே பெயர் மாற்றும் 'எம்வி' கட்டளை இருக்கிறது. 1981-ல் ஐபிஎம் பிசியோடு வந்த டாஸ் இயங்குதளத்தில் 'ரீநேம்' இருந்தது. அதன் சுருக்கமான 'ரென்' இன்றைய விண்டோஸிலும் வேலை செய்கிறது.

மவுஸால் முடியாதா?

முடியும். விண்டோஸில் எல்லா ஃபைல்களையும் தேர்வு செய்து, எஃப்2 அழுத்தி, ஒரு பெயர் அடித்தால் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று எண் போட்டுக்கொள்ளும். தப்பாகிவிட்டால் கன்ட்ரோல்-இசட். ஐம்பது போட்டோவுக்கு எண் போட இதுவே போதும்.

ஆனால் பெயரின் ஒரு பகுதியை மட்டும் மாற்றணும், தேதியை முன்னால் கொண்டு வரணும், சில ஃபைல்களை மட்டும் தொடணும் என்றால் இது கைகொடுக்காது. அங்கேதான் கமாண்ட் லைன் வருகிறது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: கமாண்ட் லைனில் மாற்றிய பெயருக்கு கன்ட்ரோல்-இசட் கிடையாது.

சிதம்பரத்தில் ஒரு போட்டோகிராபர் என்று வைத்துக்கொள்வோம்...

மகா சிவராத்திரியை ஒட்டி சிதம்பரத்தில் நடக்கும் நாட்டியாஞ்சலி 1981-ல் தொடங்கிய விழா. அதைப் படம் பிடிக்கும் ஒருவர் இரண்டு கேமரா வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் முதல் படத்தின் பெயர் டிஎஸ்சி_0001. ஏன் அப்படி?

டிசிஎஃப் என்ற விதிமுறையை இன்றும் பெரும்பாலான கேமராக்கள் பின்பற்றுகின்றன. 1998-ல் வந்த அந்த விதிப்படி ஃபைல் பெயரில் எட்டே இடங்கள்தான். முன்னால் நான்கு எழுத்து அல்லது குறி, பின்னால் நான்கு இலக்கம். எண் 0001-ல் தொடங்கி 9999-ல் முடியும். அதற்குப் பிறகு மறுபடி 0001. ஆக, இரண்டு கேமரா என்றாலும் சரி, ஒரே கேமராவில் பத்தாயிரம் படம் என்றாலும் சரி, ஒரே பெயர் இரண்டு முறை வந்தே தீரும்.

எனவே படங்களை ஒரே ஃபோல்டரில் கொட்டுவதற்கு முன்பே பெயர் மாற்றிவிடுவது நல்லது. 'கேமரா1', 'கேமரா2' என்று முன்னால் சேர்த்துவிட்டால் மோதல் வராது. கொட்டிய பிறகு விண்டோஸ் 'ரீபிளேஸ் செய்யட்டுமா?' என்று கேட்கும்போது அவசரத்தில் சரி என்று அழுத்திவிட்டால், ஒரு கேமராவின் படங்கள் போய்விடும்.

விண்டோஸின் 'ரென்' எங்கே சறுக்கும்?

நட்சத்திரக் குறிக்கு (*) 'எது வேண்டுமானாலும்' என்று பொருள். *.ஜேபிஇஜி என்பதை *.ஜேபிஜி என்று மாற்றச் சொன்னால், ஃபோல்டரில் உள்ள எல்லாப் படத்தின் கடைசிப் பகுதியும் மாறிவிடும். இந்த வேலைக்கு 'ரென்' அருமையான கட்டளை.

இப்போது 'டிஎஸ்சி' என்று தொடங்கும் எல்லாவற்றையும் 'தில்லை' என்று தொடங்கும்படி மாற்றச் சொல்கிறோம். டிஎஸ்சி_0001 என்பது தில்லை_0001 ஆகும் என்றுதானே எதிர்பார்ப்போம்? ஆகாது. 'தில்லை01' என்று வரும்.

காரணம் இதுதான். 'ரென்' கட்டளைக்குச் சொல் தெரியாது, இடம்தான் தெரியும். புதுப் பெயரில் எத்தனை எழுத்து இருக்கிறதோ, பழைய பெயரில் அத்தனை இடத்தை மூடிவிடும். 'தில்லை' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஆறு. த, இகரக் குறி, ல, புள்ளி, ல, ஐகாரக் குறி என்று தனித்தனியாக எண்ணும். எட்டு இடங்களில் ஆறு போனால் மிச்சம் கடைசி இரண்டு இலக்கம் மட்டும்.

அப்படியானால் 0101-வது படத்துக்கும் 'தில்லை01' என்றுதான் பெயர் வரணும். ஏற்கெனவே அந்தப் பெயர் இருப்பதால் விண்டோஸ் பிழைச் செய்தி காட்டி நிறுத்திவிடும். படம் அழியாது என்பது ஒரு நிம்மதி. ஆனால் பாதி ஃபைல் புதுப் பெயரில், பாதி பழைய பெயரில் என்று ஃபோல்டர் குழம்பிப் போகும்.

விண்டோஸிலேயே இருக்கும் பவர்ஷெல்லில் 'ரீநேம்-ஐட்டம்' என்ற கட்டளை இருக்கிறது. அது சொல்லைத் தேடி மாற்றும். அதைவிட முக்கியம், கட்டளையின் கடைசியில் 'வாட்இஃப்' என்று சேர்த்தால் எதையும் மாற்றாது. எது எதுவாக மாறப்போகிறது என்ற பட்டியலை மட்டும் காட்டும். பட்டியல் சரியாக இருந்தால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டலாம்.

லினக்ஸ், மேக்கில் ஏன் கூடுதல் கவனம்?

மேலே சொன்ன '300 போட்டோ ஒன்றாகிவிடும்' கதை இங்கேதான் நடக்கும். லினக்ஸிலும் மேக்கிலும் பெயர் மாற்றும் கட்டளை 'எம்வி'. புதுப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால், அதன் மேல் இதை எழுதிவிடும். சாதாரணமாக எதுவும் கேட்காது.

ஒரே நாளில் எடுத்த 300 படத்துக்கு, எடுத்த தேதியை மட்டும் பெயராக வைக்கச் சொல்லி ஒரு லூப் ஓட்டுகிறீர்கள். முதல் படம் 2024-03-08 ஆகும். இரண்டாவதும் அதே பெயருக்கு வரும், முதலாவது போய்விடும். மூன்றாவது வந்தால் இரண்டாவது போய்விடும். முடிவில் மிஞ்சுவது 300-வது படம் மட்டும். இவை குப்பைத் தொட்டிக்கும் போகாது, நேரடியாக அழிந்துவிடும்.

தப்பிக்க எளிய வழி: 'எம்வி' பக்கத்தில் ஒரு கோடும் 'என்' என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்தால் இருக்கிற ஃபைலின் மேல் எழுதாது. 'ஐ' சேர்த்தால் ஒவ்வொரு முறையும் கேட்கும். அதோடு பெயரின் கடைசியில் 001, 002 என்று எண்ணும் சேர்த்துவிடுங்கள்.

விண்டோஸ் பழக்கத்தில் *.ஜேபிஇஜி, *.ஜேபிஜி என்று 'எம்வி'யில் அடித்தாலும் வேலைக்கு ஆகாது. விண்டோஸில் நட்சத்திரக் குறியை 'ரென்' தானே படித்துப் புரிந்துகொள்கிறது. லினக்ஸில் கட்டளைக்குப் போவதற்கு முன்பே ஷெல் அதைப் பிரித்து ஃபைல் பட்டியலாக மாற்றிவிடும். அதனால் லினக்ஸில் 'ரீநேம்' என்ற தனிக் கருவியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். உபுண்டுவில் இதை நிறுவிக்கொள்ளலாம். அதில் 'என்' சேர்த்தால் ஒத்திகை மட்டும் நடக்கும். ஃபெடோரா போன்ற சில லினக்ஸ்களில் இதே பெயரில் இருப்பது வேறு கருவி, எழுதும் முறையும் வேறு. இணையத்தில் கிடைத்த கட்டளையை அப்படியே ஒட்டுவதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலூர் மாவட்டத்தின் மூன்று பெயர் சொல்லும் பாடம்

கட்டளை சரியாக ஓடினாலும் விதி தப்பாக இருந்தால் என்ன ஆகும்? கடலூர் மாவட்டத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம்.

1993 செப்டம்பர் 30 வரை இது தென்னாற்காடு மாவட்டம். அன்று அந்த மாவட்டம் இரண்டானது. கடலூரைத் தலைநகராகக் கொண்ட பகுதி 'தென்னாற்காடு வள்ளலார்' மாவட்டம், மற்றொன்று 'விழுப்புரம் இராமசாமி படையாட்சியார்' மாவட்டம். 1997-ல் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்களின் பெயர்களிலிருந்து தலைவர்கள் பெயரை அரசு மொத்தமாக நீக்கியபோது, இது 'கடலூர்' மாவட்டம் ஆனது. நான்கு ஆண்டுக்குள் ஒரே மண்ணுக்கு மூன்று பெயர்.

இந்தப் பகுதியில் பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்து கணினியில் வைத்திருக்கும் எந்தக் குடும்பத்திலும் இந்த மூன்று பெயரும் கலந்திருக்கும். 'எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிடலாம்' என்று, 'தென்னாற்காடு' வரும் இடத்தில் எல்லாம் 'கடலூர்' என்று மாற்றச் சொல்லி ஒரு வரி அடித்தால் என்ன நடக்கும்?

'தென்னாற்காடு_சிதம்பரம்_1978' என்பது 'கடலூர்_சிதம்பரம்_1978' ஆகும். சரி.

'தென்னாற்காடு வள்ளலார்_விருத்தாசலம்_1995' என்பது 'கடலூர் வள்ளலார்_விருத்தாசலம்_1995' ஆகும். இப்படி ஒரு மாவட்டம் இருந்ததே இல்லை.

'தென்னாற்காடு_திண்டிவனம்_1978' என்பது 'கடலூர்_திண்டிவனம்_1978' ஆகும். இது முழுத் தப்பு. திண்டிவனம் இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. கள்ளக்குறிச்சிப் பத்திரத்துக்கும் இதே கதிதான். அது 2019-ல் தனி மாவட்டமாகிவிட்டது.

கணினி ஒரு பிழையும் காட்டாது. அதைப் பொறுத்தவரை சொன்ன வேலையைச் செய்துவிட்டது. சில வருடம் கழித்து நிலத் தகராறு ஒன்றில் அந்தப் பத்திரத்தைத் தேடும்போது, விழுப்புரம் ஃபைல்களில் அது இருக்காது. பத்திரத்தின் உள்ளே எழுதியது மாறியிருக்காது. ஆனால் கண்டுபிடிக்க முடியாத பத்திரத்தால் என்ன பயன்?

இதிலிருந்து இரண்டு விஷயம். ஒன்று, நீளமான சொல்லை முதலில் மாற்றணும், குட்டைச் சொல்லைப் பிறகு. 'தென்னாற்காடு வள்ளலார்' முதலில் போனால்தான் 'கடலூர் வள்ளலார்' உருவாகாது. இரண்டு, மாவட்டத்தை வைத்து மாற்றாமல் தாலுகா அல்லது ஊரை வைத்து விதி எழுதணும். பழைய பெயரை அழிக்காமல், இன்றைய பெயரை முன்னால் சேர்ப்பது இன்னும் நல்லது.

சிதம்பரத்துக்கும் இதே சிக்கல் உண்டு. அது ஊர் பெயர், ஆள் பெயரும்கூட. 'சிதம்பரம்' என்று இருக்கும் எல்லா ஃபைலையும் சிதம்பரம் தாலுகா என்று மாற்றினால், கடலூர் முதுநகரில் வாழும் சிதம்பரம் என்பவரின் ஃபைலும் அதில் மாட்டிக்கொள்ளும்.

தமிழில் பெயர் வைத்தால் பிரச்சனை வருமா?

வைக்கலாம், தாராளமாக. இரண்டு கணக்கு மட்டும் தெரிந்திருக்கணும்.

முதலாவது நீளம். லினக்ஸில் ஒரு ஃபைல் பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். ஆண்ட்ராய்டு போன்களிலும் பொதுவாக இதே கணக்கு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 'சிதம்பரம்' என்பதில் எழுத்தும் குறியுமாக ஒன்பது இருப்பதால் 27 பைட் போய்விடும். ஆக, முழுப் பெயரும் தமிழில் என்றால் எழுத்தும் குறியும் சேர்த்து 85 வரைதான். விண்டோஸ் 255 எழுத்து வரை ஏற்றுக்கொள்வதால், அங்கே நன்றாக இருந்த நீளமான தமிழ்ப் பெயர் வேறு கணினிக்கு நகல் எடுக்கும்போது நின்றுவிடலாம்.

இரண்டாவது, பார்க்க ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வேறாக இருக்கும் எழுத்துகள். 'கொள்ளிடம்' என்று எழுதுகிறோம். அதன் 'கொ'வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது எகரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை இப்படிப் பிரித்துத்தான் வைத்தது. கண்ணுக்கு இரண்டுமே 'கொள்ளிடம்'தான். ஆனால் கட்டளை ஒன்றைத் தேடினால் மற்றதைத் தொடாது. 'நூறு ஃபைல்ல எழுபதுதான் மாறியிருக்கு, ஏன்?' என்று குழம்பினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

வெள்ள போட்டோவின் பெயரை மாற்றலாமா?

2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-ல் கரையைக் கடந்த தானே புயல், 2015 வெள்ளம்... கடலூர் மாவட்ட மக்களின் போனில் இருக்கும் சேதப் படங்கள் வெறும் நினைவுக்கு மட்டும் இல்லை. நிவாரணம், இன்சூரன்ஸ், வழக்கு என்று எதற்காக அதைக் காட்ட வேண்டி வந்தாலும் முதல் கேள்வி, 'இது எப்போ எடுத்தது?'

கேமரா அல்லது போனில் எடுத்த அசல் படத்துக்குள்ளே தேதி, நேரம் பதிவாகியிருக்கும். ஃபைலின் பெயரை மாற்றினாலும் அது மாறாது. ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் இந்தத் தகவல் நீக்கப்பட்டுவிடும். ஆண்ட்ராய்டு போனில் அந்தப் படத்துக்கு ஐஎம்ஜி-20151201-டபிள்யூஏ0007 என்பது போல ஒரு பெயர் வரும். நடுவில் இருக்கும் எட்டு இலக்கம் வருடம், மாதம், நாள். அது அந்தப் போனுக்குப் படம் வந்த தேதி. எடுத்த தேதியாகவே இருக்கணும் என்றில்லை. ஆனாலும் பெரும்பாலும் அந்தப் படத்தில் மிஞ்சியிருக்கும் தெளிவான தடயம் அதுதான்.

அதைப் போய் 'வெள்ளம்1', 'வெள்ளம்2' என்று மாற்றினால் அந்தத் தடயத்தையும் நாமே அழித்துவிடுகிறோம். பழைய பெயரை அப்படியே விட்டுவிட்டு, பின்னால் 'கடலூர்_வெள்ளம்' என்று சேருங்கள். அசலைத் தொடாமல் நகலில் மட்டும் செய்வது இன்னும் பாதுகாப்பு. இனி யாருக்காவது இப்படிப் படம் அனுப்பினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். பெயரும் உள்ளே இருக்கும் தேதியும் அப்படியே போகும்.

அசல் படங்கள் கையில் இருந்தால் 'எக்ஸிஃப்டூல்' என்ற இலவசக் கருவி உதவும். படத்துக்குள் இருக்கும் தேதியைப் படித்து, அதையே பெயராக வைக்கும். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால் அதன் மேல் எழுதாது.

திரும்பிப் போக வழி இருக்கிறதா?

மொத்தமாகப் பெயர் மாற்றுவது எப்படி இருக்கும் என்று 2020 ஜூனில் தமிழ்நாடே பார்த்தது. 1,018 ஊர்களின் பெயர்களை ஆங்கிலத்தில் தமிழ் உச்சரிப்புப்படி எழுதணும் என்று ஒரே அரசாணை வந்தது. கோயம்புத்தூர், தூத்துக்குடி, எழும்பூர் என்று பட்டியல் நீண்டது. வேலூரின் புது எழுத்தைப் பார்த்தவர்கள் 'இதை வீலூர்னு தானே படிக்க முடியும்?' என்று கேட்டார்கள். ஜூன் 18-ம் தேதி, அரசாணை திரும்பப் பெறப்பட்டதாக அப்போதைய அமைச்சர் மாஃபா பாண்டியராஜன் அறிவித்தார்.

அரசாணையைத் திரும்பப் பெறலாம். பழைய பெயர் என்ன என்று எல்லோருக்கும் தெரியும், பட்டியலும் இருந்தது. உங்கள் ஃபோல்டரில் இருந்த 1,018 ஃபைலின் பழைய பெயர் யாருக்குத் தெரியும்? அதை எழுதி வைத்தால்தான் உண்டு.

டிடிபி சென்டர், ஜெராக்ஸ் கடைக்காரர்கள்கூட செய்யக்கூடிய வழி எக்செல். ஃபைல் பெயர்களின் பட்டியலை எடுத்து முதல் காலத்தில் ஒட்டுங்கள். விண்டோஸ் கமாண்டில் 'டிஐஆர்' அடித்து, ஒரு சாய்கோடும் 'பி'யும் சேர்த்தால் பெயர்கள் மட்டும் வரும். இரண்டாவது காலத்தில் புதுப் பெயர். ஒரே பெயர் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று எக்செல்லிலேயே நிறம் போட்டுப் பார்த்துவிடலாம். மூன்றாவது காலத்தில் 'ரென்', பழைய பெயர், புதுப் பெயர் மூன்றையும் சேர்த்துவிட்டால் அதுவே கட்டளை. பெயர்களை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க மறக்காதீர்கள். அவற்றை நோட்பேடில் ஒட்டி '.பேட்' ஃபைலாகச் சேமித்து ஓட்டலாம். தமிழ்ப் பெயர் இருந்தால் யூடிஎஃப்-8 முறையில் சேமித்து, முதல் வரியில் 'சிஎச்சிபி 65001' என்று போடணும்.

இதில் பெரிய லாபம் என்னவென்றால், தப்பு என்று தெரிந்தால் இரண்டு காலத்தையும் இடம் மாற்றி மறுபடி ஓட்டினால் போதும். எல்லாம் பழைய பெயருக்கே திரும்பிவிடும். அந்த எக்செல் ஷீட்தான் உங்கள் கன்ட்ரோல்-இசட்.

என்டர் தட்டுவதற்கு முன்...

* ஃபோல்டரை முழுசாக ஒரு நகல் எடுங்கள். நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.
* பழைய பெயர் - புதுப் பெயர் பட்டியலைச் சேமித்து வையுங்கள்.
* முதலில் ஒத்திகை. பவர்ஷெல்லில் 'வாட்இஃப்', லினக்ஸ் 'ரீநேம்' கருவியில் 'என்'. ஒத்திகைப் பட்டியலில் ஒரே புதுப் பெயர் இரண்டு வரியில் வருகிறதா என்று நீங்கள்தான் பார்க்கணும்.
* தேதியை வருடம்-மாதம்-நாள் என்று எழுதுங்கள். அப்போதுதான் பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாக வரும்.
* எண்களை 001, 002 என்று எழுதுங்கள். 1, 2 என்று எழுதினால் பல கருவிகளில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும்.
* விண்டோஸில் கேள்விக்குறி, சாய்கோடு, முக்காற்புள்ளி போன்றவை ஃபைல் பெயரில் வரக்கூடாது. 2024/03/08 என்று எழுத முடியாது, 2024-03-08 என்றுதான் எழுதணும்.
* மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஃபைல்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். 300 இருந்தது 299 ஆகியிருந்தால், நகல் இருக்கும்போதே கண்டுபிடித்துவிடலாம்.